கழிவும் நீரும்

நுழையும்முன்

ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்பது அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டவர் என்ன செய்கிறார் என்பதும் அதன் பொருளில் அடங்கும். ‘குடிநீர்’ என்றால் குடத்தை எடுக்கிறோம். ‘கழிவுநீர்’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இரண்டிலும் உள்ளது ஒரே நீர்தான். முன்னொட்டிய சொல்லே நம்மை ஒன்றை நோக்கி நடக்கவும் மற்றொன்றை விட்டு விலகவும் வைக்கிறது. நாளும் வழங்கும் ஒரு சொல்லை அதன் இலக்கணத்தோடும் வழக்கோடும் வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

கழிதலும் கழித்தலும்

‘கழி’ என்பது தமிழின் பழைய வினையடிகளுள் ஒன்று. பொழுது கழிகிறது, காலம் கழிகிறது, தை பிறந்தால் பழையது கழிகிறது. வழக்கொழிந்த சொற்கள் மொழியைவிட்டு நீங்குவதைக் குறிக்க நன்னூலாரும் கழிதல் என்னும் வினையையே ஆள்கிறார். இவ்விடங்களில் எல்லாம் அச்சொல் இழிவை உணர்த்தவில்லை. தன் பணி முடிந்து ஒன்று நகர்ந்து செல்வதையே உணர்த்துகிறது.

தன்வினையாகிய ‘கழிதல்’ பிறவினையாகிக் ‘கழித்தல்’ ஆகும்போது பொருள் மேலும் விரிகிறது. தொடக்கப்பள்ளி மாணவருக்குக் கழித்தல் ஒரு கணக்கு. கிராமத்துப் பாட்டிக்குக் கண்ணேறு கழித்தல் மாலைநேரக் கடமை. புத்தகக் கடைக்காரருக்கோ கழிவு என்பது விலையில் குறைத்துக் கொடுக்கும் பங்கு. கண்காட்சிகளில் ‘10 விழுக்காடு கழிவு’ என்று எழுதிய அட்டையைக் கண்டு எவரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. மகிழ்ச்சியோடு உள்ளே செல்கின்றனர்.

கொங்கு நாட்டு நூற்பாலைகளில் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வு உண்டு. நூல் நூற்கும்போது உதிரும் பஞ்சுக்குக் ‘கழிவுப் பஞ்சு’ என்று பெயர். அதற்கு நாள்தோறும் விலை உண்டு. வாங்க ஆள் உண்டு. ஓர் ஆலையின் கழிவுப் பஞ்சு, தடித்த நூல் நூற்கும் மற்றோர் ஆலைக்கு மூலப்பொருளாகச் செல்கிறது. கழிவு என்றால் பயனற்றது என்னும் பொருள் அந்த ஆலைகளின் வாயிலில் செல்லாது. ஒருவர் கைவிட்டது, மற்றொருவர் கைக்கு இன்னும் போய்ச் சேராதது என்பதே அங்கு அதன் பொருள்.

(உப்பங்கழி என்பதிலுள்ள ‘கழி’ நெய்தல் நிலத்து நீர்ப்பரப்பைக் குறிப்பது. மிகுதியை உணர்த்தும் உரிச்சொல்லாகவும் ‘கழி’ வரும். இவற்றை நாம் பேசும் கழிவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளல் ஆகாது.)

தொகைச்சொல் விரியும் விதம்

‘கழிவுநீர்’ ஒரு தொகைச்சொல். தொகைச்சொல்லில் உருபுகள் மறைந்திருப்பதால், விரிப்பவர் கையில் அது வேறு வேறு பொருள் தரும். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை விரியக்கூடும் என்று நன்னூல் கூறும். கழிவுநீர் என்பதற்கு ஏழு பொருள் தேட வேண்டியதில்லை. இரண்டே போதும், அவ்விரண்டுக்கும் இடையேதான் ஒரு நகரத்தின் நலவாழ்வு இருக்கிறது.

‘கழிவாகிய நீர்’ என்று விரித்தால் அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. இங்குக் கழிவும் நீரும் ஒரே பொருள், நீரே கழிவு. அவ்வாறாயின் அதனைக் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ‘கழிவை உடைய நீர்’ என்று விரித்தால் அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இங்குக் கழிவு வேறு, நீர் வேறு. கழிவை எடுத்துவிட்டால் எஞ்சுவது நீர்.

இவ்விரு விரிகளுள் எது பொருந்துவது? இதற்கு இலக்கணத்தைவிட அளவையே நல்ல விடை தரும். வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு நீர்தான். கரைந்தும் மிதந்தும் கிடக்கும் பொருள்கள் ஏறத்தாழ 0.1 விழுக்காடு. நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்குதல் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்கு. அப்படியானால் ஒருவர் நாள்தோறும் வெளியேற்றுவது 108 லிட்டர். அதில் உண்மையான கழிவு, நூறு கிராமை ஒட்டிய ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைக் கண்டு அஞ்சி நூற்றேழு லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கைகழுவுகிறோம்.

அளவில் சிறியது என்பதால் அந்தக் கைப்பிடி தீங்கற்றது என்று கொள்ளக்கூடாது. வாந்திபேதி, குடற்காய்ச்சல், மஞ்சள்காமாலை ஆகியவற்றைத் தரும் நுண்ணுயிரிகள் அதில்தான் உள்ளன. அஞ்சுவது தவறன்று. அச்சம் எதன்மீது என்பதில்தான் பிழை நேர்கிறது.

அடுக்களையின் நீர்ப்பெயர்கள்

கழிவுநீர் என்னும் ஒற்றைச்சொல் இல்லங்களுக்குள் நுழைந்தது அண்மைக்காலத்தில்தான். குழாயும் கழிநீர்த்தொட்டியும் வருவதற்கு முன்பு, பயன்படுத்திய நீருக்கு ஒவ்வோர் அடுக்களையிலும் பல பெயர்கள் இருந்தன. அரிசி களைந்த நீர் கழுநீர். பேச்சுவழக்கில் அது ‘கழனித்தண்ணி’ ஆயிற்று. சோறு வடித்தது வடிகஞ்சி. பழஞ்சோற்றின் மேல் தெளிந்து நிற்பது நீராகாரம். இவற்றுக்கெல்லாம் அடுத்து, பாத்திரம் துலக்கிய நீர், முகம் கைகால் கழுவிய நீர், துணி அலசிய நீர் எனத் தனித்தனியே சுட்டினர்.

பெயர் வேறானதுபோல் அவை சென்று சேர்ந்த இடமும் வேறு. கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுத்தொட்டிக்குச் சென்றன. மாடு இல்லாத வீட்டிலும் கழுநீர்ப்பானை இருந்தது. மாடு உள்ள வீட்டார் வந்து எடுத்துச் செல்வர். வடிகஞ்சி வெள்ளைத் துணிக்கு மொடமொடப்பு ஏற்றியது. பாத்திரம் துலக்கிய நீரும் குளித்த நீரும் புழக்கடையில் நின்ற வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் பாய்ந்தன. அந்நாளில் இதனை எவரும் ‘மறுசுழற்சி’ என்று அழைக்கவில்லை. கிணற்றில் இறைத்த ஒவ்வொரு குடத்துக்கும் தோள்வலி இருந்தது. அதனால் ஒரு குடத்தை இரண்டு முறை பயன்படுத்தினர். அவ்வளவே.

இங்கு ஒரு திருத்தமும் தேவை. பழைய ஏற்பாட்டில் எல்லாம் நன்றாக இருந்தன என்று எண்ணுவது சரியன்று. குளித்த நீர் வாழைக்குச் சென்ற அதே ஊரில், மலக்கழிவைத் தலையில் சுமக்கும் வேலை பிறப்பை வைத்துச் சிலர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அடுக்களை நீருக்குப் பெயர் வைத்த சமுதாயம், அந்த உழைப்பைப் பெயர் சொல்லாமலே கடந்து சென்றது.

குழாய்கள் வந்தபின் இந்த நீர்கள் அனைத்தும் ஒரே துளையில் இறங்கின. அரிசி களைந்த நீரும் கழிப்பறை நீரும் ஒரு பெயர் பெற்றன. ஆங்கிலத்திலோ கழிப்பறை நீர் கலந்ததற்குச் ‘சீவேஜ்’ என்றும், குளியலறை, அடுக்களை நீருக்குச் ‘சல்லேஜ்’ என்றும், ஆலைகளிலிருந்து வெளியேறுவதற்கு ‘எஃப்ளூயண்ட்’ என்றும் வேறுபாடு உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் வீட்டுவழி வருவதையும் தொழில்வழி வருவதையும் பிரித்தே வரையறுக்கிறது. தமிழில் மூன்றையும் கழிவுநீர் என்றே வழங்குகிறோம். திருப்பூரின் சாயநீரும், பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் நீரும், ஒரு வீட்டில் கீரை அலசிய நீரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கீரை அலசிய நீரை ஒரு செடி குடித்துவிடும். சாயநீரின் உப்பையோ, தோல் ஆலை நீரின் குரோமியத்தையோ எந்தச் செடியாலும் செரித்துக்கொள்ள இயலாது. நொய்யலின் கதை இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பின்பே அவை மீண்டும் இயங்க முடிந்தது. அடைமொழி இல்லாமல் ‘கழிவுநீர்’ என்று மட்டும் எழுதும்போது, யாருடைய கழிவு என்னும் வினா மறைந்துவிடுகிறது.

சுருங்கையும் அங்கணமும்

பயன்படுத்திய நீரை நகரிலிருந்து வெளியேற்றும் அமைப்பு தமிழர்க்குப் புதிதன்று. நிலத்தடியே அமைந்த நீர்வழியைச் ‘சுருங்கை’ என்றும், நீர் பாயும் துளையைத் ‘தூம்பு’ என்றும் பழைய நூல்கள் குறிக்கும். மதுரையின் மதிலைக் கடந்து சுருங்கை வழியே பாயும் வெள்ளத்தைப் பரிபாடல், யானை துதிக்கையால் பீய்ச்சும் நீருக்கு ஒப்பிடுகிறது. கீழடி அகழாய்வில் நீர் செல்லும் சுடுமண் குழாய்களும் செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டுள்ளன.

மணிமேகலையில் 28ஆம் காதை காட்டும் காட்சி இன்னும் நுட்பமானது. வஞ்சி மாநகரின் அகழியில் வந்து கலக்கும் நீர்களை ஆசிரியர் சாத்தனார் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். சுருங்கைத் தூம்பின் வழியே மகளிர் கூந்தல் கழுவிய நீர் வருகிறது. பொறிகள் அமைந்த குளத்தில் ஆடியோர் மேனியிலிருந்து சந்தனம் கழிந்த நீர் வருகிறது. துறவியர் பாதம் விளக்கிய நீரும், மணப்பொருள் அரைப்போர் இல்லத்து நீரும் வருகின்றன. இவையெல்லாம் பாய்வதால் அகழியில் வாழும் முதலைகளும் மீன்களும் தம் புலால் நாற்றம் நீங்கப்பெற்றன என்கிறார். இது புனைந்துரைதான், எந்த நகரத்தின் வடிகாலும் இவ்வளவு மணந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘கழி’ என்னும் வினையும் ‘நீர்’ என்னும் பெயரும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கழிவது சந்தனம், அதனைச் சுமந்து செல்வது நீர். அச்சொல்லைப் புலவர் அருவருப்பின்றி ஆள்கிறார்.

திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் வரும் ‘அங்கணம்’ இதற்கு மாறானது. தகுதியற்றோர் அவையில் பேசும் பேச்சு, தூய்மையற்ற முற்றத்தில் சிந்திய அமிழ்துக்கு ஒப்பாகிறது. அழுக்குநீர் தேங்கும் இடத்தை இழிவுக்கு உவமையாக்கும் மரபு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. அச்சொல் இன்றும் இறந்துவிடவில்லை. தென்மாவட்ட வீடுகளில் பாத்திரம் துலக்கும் இடம் அங்கணம். அதன் நீர் இறங்கும் குழி அங்கணக்குழி.

சாக்கடை என்னும் வசை

இன்று பெருவழக்கில் உள்ள ‘சாக்கடை’யைச் ‘சாய்கடை’ என்பதன் திரிபாகக் கொள்வர். நீர் வடிந்தோடச் சாய்வாக அமைந்த கடைப்பகுதி என்பது அதன் நேர்பொருள். தச்சரும் கொத்தரும் அறிந்த, பழிப்பற்ற சொல் அது. ஆனால் வழக்கில் அது தன் பொருளை இழந்து வசையாகிவிட்டது. ‘சாக்கடை வாய்’ என்கிறோம். ‘அரசியல் ஒரு சாக்கடை’ என்கிறோம். மண்ணுக்கடியில் செல்லும் பெருங்குழாய்க்குப் ‘பாதாள சாக்கடை’ என்று பெயரிட்டபோது, அது நம் கண்ணுக்கு எட்டாத கீழுலகம் ஆகிவிட்டது. அதனினும் மென்மையாகப் பேச விரும்புவோர் ‘ட்ரைனேஜ்’ என்று சொல்லி ஒதுங்குகின்றனர்.

வசையாவது சொல் மட்டுமன்று. ஓர் ஆறும் ஆயிற்று. கூவம் என்பது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அவ்வூர்க் கோயிலாகிய திருவிற்கோலம், ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அவ்வூரின் பெயரைத் தாங்கி வரும் ஆறு சென்னைக்குள் நுழைந்ததும், அதன் பெயர் துர்நாற்றத்துக்கு மறுபெயர் ஆகிறது. கூவத்தை மாசுபடுத்திய நகரமே அப்பெயரை வசையாக வழங்குவது நெருடலான செய்தி. மதுரையின் கிருதுமால் நதிக்கும் இதே நிலைதான். அதனை ஆறு என்று அறியாமலே கடந்து செல்வோர் பலர்.

ஒரு தொடரில் மறையும் எழுவாய்

கழிவுநீர் என்னும் சொல் அடிக்கடி அச்சேறும் இடம் ஒன்றுண்டு. ‘கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்னும் வடிவில் வரும் செய்தித் தலைப்பு அது. இத்தொடரை இலக்கணக் கண்கொண்டு பிரித்துப் பார்த்தல் வேண்டும். ‘தாக்கி’ என்னும் வினையெச்சத்தின் எழுவாய் விஷவாயு. ஆகவே செய்தது வாயு, இறந்தவர் இருவர். அவர்களைக் குழிக்குள் இறங்கச் சொன்னவர் இத்தொடரில் இல்லை. அவர் தோன்றாத எழுவாயாகக்கூட இல்லை. தொடரின் அமைப்பே அவருக்கு இடம் தரவில்லை.

வாயு தானாகப் பாய்ந்து தாக்குவதில்லை. காற்றுப் புகாத தொட்டியில் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உருவாகின்றன. பின்னதற்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. அதன் செறிவு மிகும்போது நுகரும் உணர்வையே அது மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி ஒருவர் இறங்கும் நொடியே அவருக்கு இறுதியாகலாம். அவரை மீட்க இறங்கும் இரண்டாமவரும் அவ்வாறே வீழ்கிறார். ஒரு குழியில் இருவர், மூவர் எனச் சேர்ந்தே இறப்பதன் காரணம் இதுதான்.

மனிதரைக் கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 1993 முதல் அவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் வந்தபின்னும் இறப்புகள் நின்றபாடில்லை. அவை மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

சொல்லளவிலும் ஒரு முயற்சி நடந்தது. சாலையில் வட்ட மூடியிட்ட குழிக்கு ஆங்கிலத்தில் ‘மேன்ஹோல்’ என்று பெயர். தமிழில் ‘ஆள்நுழைகுழி’ என்றனர். ஆள் நுழைவதற்கென்றே அக்குழி உள்ளது என்று பெயரே உரைக்கிறது. 2020இல் இந்திய அரசு, அதனை இனி ‘இயந்திரக் குழி’ என்னும் பொருள்படும் ‘மெஷின்ஹோல்’ என்னும் சொல்லால் வழங்குவதாக அறிவித்தது. பெயரை மாற்றுவது எளிது. தூர்வாரும் இயந்திரமும் உறிஞ்சு ஊர்தியும் சிற்றூர்ப் பேரூராட்சிவரை சென்று சேர்ந்தால்தான் அப்பெயர் உண்மையாகும்.

அகற்றலும் மீட்டலும்

1978இல் தோன்றிய சென்னையின் நீர் நிறுவனத்துக்குச் ‘சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்’ என்பது முழுப்பெயர். ‘வழங்கல்’, ‘அகற்று’ என்னும் இரு வினைகளில் அக்காலத்து நோக்கு முழுவதும் அடங்கியுள்ளது: நல்லதைக் கொடு, கெட்டதை அப்புறப்படுத்து. அகற்றிய நீர் எங்கே போகும் என்பது அப்பெயரில் இல்லை. ஆனால் வாரியத்தின் பணி பெயரைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

இன்று கழிவுநீர் முதலில் கம்பிச் சல்லடையில் துணியும் நெகிழியும் நீங்கப்பெறுகிறது. பின்னர் மணல் படிகிறது. அடுத்து வரும் காற்றூட்டத் தொட்டியே இதன் இதயம். அங்கு வேதிப்பொருளைவிட நுண்ணுயிரிகளே மிகுதியும் உழைக்கின்றன. காற்று கிடைத்தால் அவை நீரில் கரைந்துள்ள கழிவை உணவாக உட்கொண்டு, பெருகி, கசடாகப் படிகின்றன. அக்கசடில் ஒரு பகுதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்பினால் அடுத்துவரும் நீர் விரைவாகத் தெளிகிறது. தயிருக்கு உறைமோர் ஊற்றுவது போன்ற இம்முறையை 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர். எஞ்சிய கசடு செரிக்கும்போது எழும் வாயுவைக் கொண்டு சென்னையின் நிலையங்களில் மின்சாரமும் எடுக்கின்றனர். குழிக்குள் உயிரைப் பறிக்கும் அதே மீத்தேன் இங்கே இயந்திரத்தை ஓட்டுகிறது.

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நீர் மேலும் ஒரு படி செல்கிறது. நுண்வடிப்பும் எதிர்ச்சவ்வூடு பரவலும் கொண்ட மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பில், ஒவ்வோர் இடத்திலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மீட்கும் திறன் அமைந்துள்ளது. அந்நீர் ஆலைகளுக்கு விலைக்குச் செல்கிறது. ஆலைகள் அதனை ஏற்கும் அளவுக்கு ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.

சிங்கப்பூர் இதே பாதையில் சொல்லையும் மாற்றியது. அந்நாட்டின் பொதுப் பயனீட்டுக் கழகம் ‘கழிவுநீர்’ என்பதைக் கைவிட்டுப் ‘பயன்படுத்தப்பட்ட நீர்’ என்று வழங்குகிறது. சுத்திகரிப்பு நிலையம் ‘நீர் மீட்பு நிலையம்’ ஆயிற்று. மீட்ட நீரைத் தமிழில் ‘புதுநீர்’ என்கின்றனர். 2002இல் தேசிய நாளன்று மக்கள் அதனைக் குடித்துக் கொண்டாடினர். பெயர்மாற்றம் மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழ்சுரங்கக் குழாயும் பதித்தனர். ஆனால் பெயர் ஒரு பொருட்டே அன்று என்றும் கூறிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரில் இத்தகைய நீரை ஏற்பதா என்று 2006இல் வாக்கெடுப்பு நடந்தது. வறட்சியின் நடுவிலும் பத்தில் ஆறு பேருக்கு மேல் மறுத்தனர். ஆய்வகம் தூயது என்று சான்றளித்த நீரையும், அது முன்பு என்னவாக இருந்தது என்னும் நினைவு குடிக்கவிடவில்லை.

தெரிந்து தெளிவோம்

நமீபியா நாட்டின் தலைநகரான விண்ட்ஹோக், சுத்திகரித்த கழிவுநீரை 1968 முதல் குடிநீரோடு கலந்து வழங்கிவருகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அந்நகருக்கு அருகில் இல்லை.

இலக்கணக்குறிப்பு

கழிநீர் – வினைத்தொகை
கழுவிய நீர் – பெயரெச்சத்தொடர்
வடிகஞ்சி – வினைத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

கழிந்த = கழி + த்(ந்) + த் + அ
கழி – பகுதி. த் – சந்தி. ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் வெளியேறும் நீர் எந்தெந்த வேலைக்குப் பின் வெளியேறுகிறது என்று பட்டியலிடுக. அவற்றுள் எவற்றுக்கு உங்கள் பாட்டியின் வழக்கில் தனிப்பெயர் இருந்தது என்று கேட்டு எழுதுக.

2. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்னும் தொடரை, இறங்கச் சொன்னவர் எழுவாயாக அமையுமாறு மாற்றி எழுதுக. மாற்றியபின் பொருளில் நேர்ந்த வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் ‘சாக்கடை’ என்று மக்கள் அழைக்கும் வாய்க்காலுக்குப் பழைய பெயர் உண்டா? முதியோரிடம் கேட்டு, அது எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்பதை வரைபடமாக வரைக.